என் அஞ்சு மாசக் குழந்தை என்னை வெறுக்குதா?

கேள்வி: எனக்கு அஞ்சு மாசப் பொண்ணு இருக்கா. தபால் வழியில எம்எஸ்சி சைக்காலஜி படிக்கிறேன். இந்த செமஸ்டர்ல மெலனி க்ளைன்ங்கற சைக்கோஅனலிஸ்ட், அதாவது ஆழ்மனசை அலசிப் பார்க்கிறவங்க, கைக்குழந்தை மனசைப் பத்தி எழுதின பாடம் வந்துச்சு, அதைப் படிச்சதுல இருந்து நிம்மதியே போச்சு. பால் பத்தாம ஆறாவது வாரமே ஃபார்முலாவுக்கு மாத்திட்டேன், அந்த சமயத்துல ராத்திரி முழுக்கக் கத்துவா. மாமியார் 'பால் இல்லாதவ'ன்னு பேசுறாங்க, எனக்கு மூணு மணி நேரம்தான் தூக்கம், எக்ஸாமும் வருது. இப்போ நான் தூக்கினா முகத்தைத் திருப்பிக்கிறா, என் நாத்தனார் தூக்கினா சிரிக்கிறா. அவளுக்கு நான் 'கெட்ட மார்பு' ஆயிட்டேனா? சில ராத்திரி எனக்கே அவ மேல வெறுப்பு வருது, அது குழந்தை எனக்குள்ள தள்ளுற வெறுப்புன்னு நோட்ஸ்ல போட்டிருக்கு, அது சரியா? ப்ராஜெக்ட்டுக்கு அவளையே கேஸ் ஸ்டடியா எழுதலாம்னும் நெனைக்கிறேன்.

பதில்:

வணக்கம்மா. ஒரே வரியில சொல்லிட்டுப் போன அந்த ராத்திரி வெறுப்பைத்தான் நான் முதல்ல எடுக்கணும், க்ளைன் எங்கேயும் ஓடிப் போயிட மாட்டாங்க. கோவம் வர்றது, 'ஏன்தான் பெத்தோமோ'ன்னு ஒரு நிமிஷம் தோணுறது, இதெல்லாம் தூக்கமில்லாத எந்த அம்மாவுக்கும் வரும், அதைக் கீழ எழுதுறேன். ஆனா பிடிச்சு உலுக்கிடுவேனோன்னு கை பதறுற நேரம் வந்தா அவளை பாதுகாப்பான இடத்துல மல்லாக்கப் படுக்க வெச்சிட்டு, அழுதா அழட்டும்னு கொஞ்ச நேரம் அடுத்த ரூமுக்குப் போயிடுங்க, வீட்டுக்காரரையோ மாமியாரையோ எழுப்புங்க, எழுப்பக் கூச்சப்படாதீங்க. ரெண்டு வாரமா எதுலயும் மனசு ஒட்டல, அவ தூங்கும்போதும் உங்களுக்குத் தூக்கம் வரல, சும்மா சும்மா அழுகை வருதுன்னா அது தியரி படிச்சுத் தீர்ற விஷயம் இல்ல, டாக்டரைப் பாருங்க. பிரசவத்துக்குப் பின்னாடி வர்ற மனச்சோர்வைக் கண்டுபிடிக்க எடின்பரோ ஸ்கேல்னு பத்தே கேள்வி உள்ள ஒரு ஃபார்ம் 1987-ல இருந்து புழக்கத்துல இருக்கு, அதை நிரப்பிக்கிட்டுப் போனா டாக்டர்கிட்ட எப்படிப் பேச்சை ஆரம்பிக்கிறதுன்னு தவிக்க வேண்டாம். அப்படியே ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்க்கச் சொல்லுங்க, பிரசவத்துக்குப் பின்னாடி ரெண்டுமே ஆளைப் படுத்தி எடுக்கும். செத்துடலாம்னோ குழந்தைக்கு ஏதாவது பண்ணிடணும்னோ ஒரு தடவை தோணினாக்கூட அன்னிக்கே பேசணும், மனநல உதவிக்கான அரசாங்க ஹெல்ப்லைன் டெலி மானஸ், நம்பர் 14416, ராத்திரியிலயும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம்.

சரி, இப்போ க்ளைன். உங்க நோட்ஸ்ல தியரி மட்டும் இருக்கும், அது எங்கேருந்து வந்துச்சுன்னு இருக்காது, பாதி பயம் அதனாலதான் வருது. க்ளைன் வியன்னாவுல 1882-ல பொறந்தவங்க, புடாபெஸ்ட், பெர்லின்னு சுத்தி, 1926-ல எர்னஸ்ட் ஜோன்ஸ்ங்கற பிரிட்டிஷ் அனலிஸ்ட் கூப்பிட்டு லண்டன் வந்தவங்க. பெர்லின்லயே சின்னப் பசங்களை பொம்மை வெச்சு விளையாட விட்டு, அந்த விளையாட்டை நாம கனவுக்கு அர்த்தம் பார்க்கிற மாதிரி பார்த்தாங்க, அவங்க பார்த்ததுல ரொம்பச் சின்ன குழந்தைகள்ல ஒருத்தியான ரீட்டாவுக்கே ரெண்டே முக்கால் வயசு. அந்த வயசுப் பசங்க விளையாட்டுல வந்த கடி, கிழி, விழுங்கிடுவேன்ங்கற பயம், அப்புறம் பெரிய மனநோயாளிங்க பேச்சுல வந்த பயம், இதையெல்லாம் வெச்சு பின்னாடி நோக்கிப் போய் 'அப்போ முதல் சில மாசத்துல மனசு இப்படி இருந்திருக்கணும்'னு ஊகிச்சாங்க. கைக்குழந்தைங்களைப் பார்த்தும் பிற்பாடு எழுதினாங்கதான், ஆனா அஸ்திவாரம் அந்த ஊகம். அதனால நீங்க படிச்சது உங்க பொண்ணோட ஸ்கேன் ரிப்போர்ட் கிடையாது, அவளைப் பார்த்து யாரும் எழுதின தீர்ப்பும் கிடையாது. அம்மாவைப் பத்தி இவ்ளோ எழுதின க்ளைனை அவங்க சொந்த மகள் மெலிட்டா, அவங்களும் அனலிஸ்ட்தான், மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் எதிர்த்துப் பேசினாங்க, தியரி தெரிஞ்சா வீடு சரியாயிடும்னு யாராவது உங்ககிட்ட சொன்னா இதைச் சொல்லுங்க.

அந்த ஊகம் என்னதான் சொல்லுது? எங்க ஊர்ப் பக்கம் குழந்தை தூக்கத்துல சிரிச்சு, உடனே உதட்டைப் பிதுக்கி அழுதா 'நரி விரட்டுது'ன்னு சொல்லுவாங்க, உங்க மாமியாரும் சொல்லியிருப்பாங்க. நரி வந்து 'உங்கம்மா செத்துட்டா'ன்னு சொல்லுமாம், குழந்தை 'போடா, இப்பத்தானே பால் குடிச்சேன்'னு சிரிக்குமாம், அப்பா செத்துட்டாருன்னு சொன்னா நெஜம்னு நம்பி அழுதுடுமாம். ஊருக்கு ஊர் கதை கொஞ்சம் மாறும், ஆனா இதைக் கட்டினவங்களுக்கு ஒரு விஷயம் புரிஞ்சிருக்கு: அந்த வயசுல கண்ணு முன்னாடி இல்லாத ஆள் வெளியூர் போன ஆள் இல்ல, செத்த ஆள். க்ளைனும் அவங்களுக்குப் பின்னாடி வந்த பியோன்ங்கற அனலிஸ்ட்டும் இதுக்கு இன்னும் ஒரு படி கீழ எறங்கிப் போறாங்க. பெரியவங்க நமக்குப் பசின்னா 'சாப்பாடு இல்ல'ன்னு அர்த்தம், கைக்குழந்தைக்கு இந்த 'இல்ல'ங்கற எண்ணமே இன்னும் வரல, அதனால பசின்னா ஒண்ணு இல்லாம இருக்கிறது கிடையாது, கெட்டது ஒண்ணு வந்து உள்ளேருந்து கடிக்கிறது, அதைத்தான் கெட்ட மார்புன்னு பேர் வெச்சாங்க. அது நீங்க கிடையாது, நீங்க வர்றதுக்கு லேட்டாகிற அந்த ரெண்டு நிமிஷம் அவளுக்கு எப்படி இருக்குங்கறதோட பேர். உலகத்துலயே நல்ல அம்மாவுக்கும் அந்த ரெண்டு நிமிஷம் உண்டு.

இன்னொண்ணு, நல்லது தனி கெட்டது தனின்னு குழந்தை பிரிச்சு வெக்கிறதை, அதாவது ஸ்ப்ளிட்டிங்கை, நோட்ஸ்ல ஏதோ நோய் மாதிரி எழுதியிருப்பாங்க, 1946-ல க்ளைன் வெச்ச பேரனாய்ட் ஸ்கிசாய்ட் பொசிஷன்ங்கற பேரே அப்படித்தான் பயமுறுத்துது. ஆனா அவங்க கணக்குல அது குழந்தை செய்யுற முதல் உருப்படியான வேலை. எல்லாமே கலந்து கொழகொழன்னு பயமா இருக்கிற மனசுல, பால் குடிச்சு கண்ணு சொருகுற அந்த நல்ல நேரத்தை கெட்ட நேரம் வந்து நாசம் பண்ணிடாம தனியா ஒதுக்கி வெச்சுக்க முடியுறது சாமர்த்தியம், அது முடியாத குழந்தைங்களைப் பத்தித்தான் க்ளைனுக்குக் கவலை.

இப்போ உங்க ஃபார்முலா விஷயம். ஆறாவது வாரம் மாத்தினேன், அப்போ ராத்திரி முழுக்க அழுதான்னு எழுதியிருக்கீங்க, ரெண்டையும் நீங்களே முடிச்சுப் போட்டுக்கிட்டீங்க. பிரேசல்டன்ங்கற அமெரிக்க குழந்தை டாக்டர் 1962-லயே சாதாரண ஆரோக்கியமான குழந்தைங்க எவ்ளோ நேரம் அழுதுன்னு அம்மாக்களை குறிச்சு வெக்கச் சொல்லிப் பார்த்தாரு, அழுகை வாரா வாரம் ஏறி ஆறாவது வாரம் வாக்குல உச்சத்துக்குப் போய் மூணு மாசத்துக்குள்ள எறங்கிடுது. தாய்ப்பால் மட்டுமே குடிச்சிருந்தாலும் அந்த வாரம் அவ கத்தியிருப்பா, வீட்ல உரம் விழுந்திருக்குன்னு சொல்லியிருப்பாங்க, திருஷ்டி சுத்தியிருப்பாங்க. க்ளைனே புட்டிப்பால் குழந்தைங்களைப் பத்தி எழுதும்போது, உடம்போட அணைச்சு அன்பா கொடுத்தா புட்டியே மார்போட இடத்தை எடுத்துக்கும்னுதான் சொல்றாங்க. சுவத்துல சாய்ச்சு வெச்ச புட்டியோ தலகாணியில முட்டுக் கொடுத்த புட்டியோதான் பிரச்சனை, அதுவும் முக்கியமா புரையேறும்ங்கறதால. மடியில வெச்சுக் கொடுக்கிறீங்கள்ல, அப்போ அந்தக் கேள்வியை அத்தோட விடுங்க.

இதெல்லாம் நெஜமான்னு சந்தேகம் வந்தா நீங்க நல்ல கும்பல்லதான் இருக்கீங்க. ரெண்டாம் உலகப் போர் நடக்கும்போது லண்டன்ல இருந்த பிரிட்டிஷ் சைக்கோஅனலிட்டிக் சொசைட்டியில இதே கேள்விக்கு வருஷக்கணக்கா சண்டை, ஒரு பக்கம் க்ளைன், சூசன் ஐசக்ஸ், இன்னொரு பக்கம் 1938-ல அப்பா சிக்மண்ட் ஃப்ராய்டோட வியன்னாவை விட்டுத் தப்பி வந்த ஆன்னா ஃப்ராய்ட். பொறந்து சில மாசத்துல இவ்ளோ கற்பனையும் குற்ற உணர்வும் இருக்க முடியாதுங்கறது ஆன்னா ஃப்ராய்ட் கோஷ்டியோட வாதம். ஒரு மீட்டிங்ல வெளிய குண்டு விழுந்துட்டு இருக்கும்போது கூட யாரும் நிறுத்தலையாம், வினிகாட்ங்கற அனலிஸ்ட் எந்திரிச்சு 'வெளிய விமானத் தாக்குதல் நடக்குதுங்கறதை நான் சொல்ல விரும்புறேன்'னுட்டு உட்கார்ந்தாராம், அப்பவும் சண்டை தொடர்ந்துச்சாம், மார்கரெட் லிட்டில்னு ஒரு அனலிஸ்ட் எழுதி வெச்சிருக்காங்க. அதுக்கப்புறம் வந்த ஆராய்ச்சி க்ளைனோட டைம்டேபிளுக்கு சாதகமா இல்ல. பொறந்து மூணே நாளுக்குள்ள அம்மா குரலையும் வேற பொம்பளை குரலையும் குழந்தை பிரிச்சுக் கண்டுபிடிக்குதுன்னு 1980-ல டிகாஸ்பரும் ஃபைஃபரும் காட்டினாங்க, 1985-ல டேனியல் ஸ்டெர்ன், குழந்தை அம்மாவோட ஒண்ணாக் கரைஞ்சு கிடக்குதுங்கற பழைய படமே தப்பு, ஆரம்பத்துலேர்ந்தே தான் வேற நீ வேறங்கற உணர்வு ஏதோ ஒரு வடிவத்துல இருக்குன்னு வாதாடினாரு. என் அபிப்பிராயம் கேட்டா, மூணாவது மாசம் இது, ஆறாவது மாசம் அதுன்னு தேதி போட்டதை நான் நம்புறதில்ல, ஆனா அந்த மனநிலையை வர்ணிச்ச விதத்தை நம்புறேன், ஏன்னா அதே மனநிலைக்குள்ள நாப்பது வயசு ஆளுங்க போய் வர்றதை என் கவுன்சிலிங் ரூம்ல பார்க்கிறேன், நேத்து வரைக்கும் தெய்வமா இருந்த புருஷன் இன்னிக்கு காலைல முழு ராட்சசன். க்ளைன் இதைப் படி மாதிரி வெக்கல, ஏறினா திரும்பி வராத இடம்னு சொல்லல, ஆயுசு முழுக்க இதுக்கும் அடுத்து வர்ற டிப்ரெசிவ் பொசிஷனுக்கும் நடுவுல போய்ட்டு வர்றோம்னுதான் சொன்னாங்க.

உங்க பொண்ணுக்கு இப்போ அஞ்சு மாசம், க்ளைன் கணக்குப்படி டிப்ரெசிவ் பொசிஷன் தலைகாட்டுற நேரம். பால் கொடுக்கிறவளும் காக்க வெக்கிறவளும் ஒரே ஆள்தான்னு மெதுவாப் புரியத் தொடங்குற காலம் அது, 'நான் கடிச்சேனே, அவளுக்கு வலிச்சிருக்குமோ'ங்கற அக்கறையோட விதை அங்கதான் விழுதுன்னு 1935-ல எழுதினாங்க, அதுக்கு முந்தின வருஷம்தான் அவங்க மகன் ஹான்ஸ் மலையில விபத்துல செத்தாரு, அந்தக் கட்டுரையைப் படிக்கும்போது இது மனசுல இருக்கட்டும். அப்போ நாத்தனார்கிட்ட சிரிப்பும் உங்ககிட்ட முகம் திருப்பலும் ஏன்? முதல்ல சாதாரண காரணம்: குழந்தைக்கு உத்துப் பார்க்கிறது, சிரிக்கிறதெல்லாம் பெரிய உழைப்பு, போதும்னு ஆனதும் தலையைத் திருப்பி மூச்சு வாங்கிக்கும், அந்த நேரத்துல நாம 'இங்க பாரு இங்க பாரு'ன்னு முகத்தைக் கிட்ட கொண்டு போனா இன்னும் திருப்பும். நீங்க நாள் பூரா இருக்கிற ஆள், நாத்தனார் அஞ்சு நிமிஷ ஆள், அவங்ககிட்ட முழு சிரிப்பும் போகும்.

இந்த இடத்துல வினிகாட்டைப் படிங்க, சிலபஸ்ல இல்லைனாலும். அவர் அனலிஸ்ட் மட்டுமில்ல, குழந்தை டாக்டர், லண்டன் பேடிங்டன் க்ரீன் ஆஸ்பத்திரியில சுமார் நாப்பது வருஷம் ஓபி பார்த்தவர், அம்மா மடியில இருக்கிற குழந்தையைத் தினம் பார்த்தவர், க்ளைனுக்கு இல்லாத ஒரு மண்வாசனை அவர் எழுத்துல இருக்கும். 1941-ல ஒரு கட்டுரை, அஞ்சு மாசத்துல இருந்து பதிமூணு மாசம் வரைக்கும் உள்ள குழந்தைங்களைப் பத்தி. டாக்டருங்க நாக்கை அமுக்கிப் பார்ப்பாங்கள்ல, அந்த பளபளா தகடை டேபிள் ஓரத்துல வெச்சிட்டு, அம்மாவை ஒண்ணும் பண்ணாதீங்கன்னு சொல்லிட்டு இவரும் சும்மா உட்கார்ந்து பார்ப்பாரு. குழந்தை ஆசையா கை நீட்டும், உடனே தயங்கி நிக்கும், அம்மாவைப் பார்க்கும், இவரைப் பார்க்கும், சில குழந்தை அம்மா மாருல முகத்தைப் புதைச்சுக்கும். யாரும் அவசரப்படுத்தலைன்னா கொஞ்சம் கொஞ்சமா ஆசை திரும்பி வரும், ஜொள்ளு ஊத்தும், வாயில வெச்சுக்கும், டேபிள்ல தட்டும், நமக்கு ஊட்டி விடுற மாதிரி பாவ்லா பண்ணும், கடைசியில கீழ போட்டு விளையாடும். தயங்குற நேரத்துல வாயில திணிச்சா கத்தும். நீங்க வெறுப்புன்னு படிக்கிற முகம் திருப்பல்ல பாதி இந்தத் தயக்கம்தான்னு எனக்குப் படுது. ஒரு எவர்சில்வர் ஸ்பூனை அவ முன்னாடி வெச்சு நீங்களும் பாருங்க, டெஸ்ட்டா இல்ல, சும்மா, கையைக் கட்டிக்கிட்டு.

வெறுப்புக்கு வர்றேன். 1947-ல வினிகாட் ஒரு கட்டுரை வாசிச்சாரு, அதுல அம்மா தன் குழந்தையை, அது பையனாவே இருந்தாலும், ஆரம்பத்துலேர்ந்தே ஏன் வெறுக்கிறாங்கன்னு வரிசையா பதினெட்டு காரணம் போட்டிருக்காரு. மார்க்காம்பை வலிக்க வெக்குது, சம்பளமில்லாத வேலைக்காரி மாதிரி நடத்துது, காலையில உயிரை வாங்கிட்டு வெளிய கூட்டிட்டுப் போனா யாரோ ஒருத்தரைப் பார்த்து இளிக்குது, அவங்க 'எவ்ளோ சமத்து'ங்கறாங்க. அதுல ஒரு காரணம் உங்களுக்காகவே எழுதின மாதிரி இருக்கும்: அம்மா கொடுக்கிற நல்ல சாப்பாட்டை சந்தேகப்பட்டு ஒதுக்கி அம்மாவுக்கே தன் மேல சந்தேகம் வர வெச்சிட்டு, அத்தைகிட்ட நல்லா சாப்பிடுதாம். லண்டன்லயும் அத்தைதான்! அவர் இதைக் குறையா எழுதல, இவ்ளோ வெறுப்பையும் தாங்கிக்கிட்டு குழந்தை மேல காட்டாம நாள் வரும்னு காத்திருக்கிறதுதான் தாய்மையில வியக்க வேண்டியதுன்னு எழுதினாரு. வெறுப்பே இல்லைன்னு நடிக்கிற அம்மாகிட்ட வளர்ற குழந்தைக்கு தன் வெறுப்பை வெச்சுக்க இடம் இருக்காதுங்கறது அவர் கவலை. அதனால உங்களுக்கு வெறுப்பு வருதுங்கறது எனக்கு அதிர்ச்சி இல்லம்மா, அதை எழுதி அனுப்ப முடிஞ்சதே நல்லதுதான்.

ஆனா 'அது குழந்தை எனக்குள்ள தள்ளுறது'ங்கறீங்களே, அங்க கொஞ்சம் நில்லுங்க. இப்படித் தன் உணர்ச்சியை அடுத்தவங்களுக்குள்ள தள்ளுறதுக்குப் பேர் ப்ரொஜெக்டிவ் ஐடென்டிஃபிகேஷன், அதைக் க்ளைன் குழந்தையோட கற்பனையாத்தான் வெச்சாங்க, அதைப் பேச்சு வராத குழந்தையோட தகவல் தொடர்பா மாத்தினது பியோன். அவர் பொறந்தது நம்ம நாட்டு மதுராவுல, 1897-ல, முதல் உலகப் போர்ல டாங்க் ஓட்டின ஆபீசர், பயம்னா என்னன்னு அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். செத்துடுவேன்ங்கற பயம் வருது, அதை வெச்சுக்க குழந்தைக்கு மனசுல பாத்திரம் இல்ல, அழுகையில அதை அம்மா மேல போடுது. அம்மா பதறினாலும் முழுசா உடைஞ்சு போகாம அதை வாங்கி, பெசஞ்சு குழைச்ச சோறு மாதிரி குழந்தையால முழுங்க முடியுற பக்குவத்துல திருப்பிக் கொடுக்கிறாங்க, 'ஒண்ணுமில்லடி தங்கம், பசிக்குதா, இதோ இதோ'ங்கற அந்த ராகம்தான் அது. அப்படி வாங்க ஆளே இல்லைன்னா பயம் பேரே இல்லாத திகிலா மாறி குழந்தைக்கே திரும்பிப் போகும்னாரு. அப்போ ராத்திரி மூணு மணிக்கு உங்களுக்குள்ள எழுற அந்தக் கதிகலங்கல்ல அவளோட பங்கும் இருக்கலாம், மறுக்கல. ஆனா மூணு மணி நேரத் தூக்கம், மாமியாரோட 'பால் இல்லாதவ' பேச்சு, தூங்குற புருஷன், வரப்போற எக்ஸாம், இதுல எதையும் அஞ்சு மாசக் குழந்தை தள்ளல. எல்லாத்தையும் அவ கணக்குல எழுதினா தியரி வசதியா இருக்கும், உங்களுக்கு உதவி கிடைக்காது. வாரத்துல ரெண்டு ராத்திரி வீட்டுக்காரர் புட்டி கொடுக்கட்டும், ஃபார்முலாவுக்கு மாறினதுல உள்ள ஒரே பெரிய லாபமே அதுதான், அதை ஏன் விட்டு வெச்சிருக்கீங்க?

குளிப்பாட்ட துணியைக் கழட்டினதும் சில குழந்தைங்க வீறிட்டு அழும், கவனிச்சிருப்பீங்க. எஸ்தர் பிக்னு ஒரு அனலிஸ்ட் 1968-ல இதைப் பத்தி ஒரு சின்ன கட்டுரை எழுதினாங்க, சில பக்கம்தான். குழந்தையோட மனசுத் துண்டுங்க சிதறாம பிடிச்சு வெக்கிறது ஆரம்பத்துல தோல்தான், அணைப்பு இல்லாத நேரத்துல குழந்தை ஒரு வெளிச்சத்தையோ குரலையோ வாசனையையோ பிடிச்சு அதைக் கட்டிக்கிட்டு தன்னை ஒண்ணா வெச்சுக்கும்னு. ஃபேனையே வெறிச்சுப் பார்த்துட்டு கிடக்கிற குழந்தையை இனிமே பார்த்தா உங்களுக்கு இது ஞாபகம் வரும். பாட்டிங்க கால் மேல போட்டுக் குளிப்பாட்டி, துடைச்சு, துணியில சுருட்டித் தூளியில போடுறதுல ஒரு அரவணைப்பு இருக்குன்னு எந்த லண்டன் கட்டுரையும் நமக்குச் சொல்லணும்னு இல்ல (மூக்குல எண்ணெய் விடுறதை மட்டும் யாரு சொன்னாலும் விடாதீங்க, நுரையீரலுக்குப் போயிடும்).

ஸ்டில் ஃபேஸ் (அசையாத முகம்) வீடியோ பார்த்துட்டு, போனைப் பார்த்தா நம்ம முகமும் உறைஞ்சிடுமேன்னு அதை எடுக்கவே பயமா இருக்குன்னு வேற எனக்கு அடிக்கடி எழுதுறாங்க, நீங்களும் பார்த்திருப்பீங்கன்னு நெனைக்கிறேன். அந்தப் பரிசோதனை 1978-ல ட்ரோனிக்ங்கற அமெரிக்க சைக்காலஜிஸ்ட் வெளியிட்டது, அம்மா முகத்தை அசைக்காம உட்காரச் சொன்னா குழந்தை சில நிமிஷத்துல சிரிச்சுப் பார்த்து, கை நீட்டி, கடைசியில திரும்பிச் சுருங்கிடும். வைரலானது அவ்ளோதான். அதே ட்ரோனிக் சாதாரணமா நல்லாயிருக்கிற அம்மா குழந்தை ஜோடிங்களைப் பார்த்ததுல, ரெண்டு பேரும் ஒரே அலைவரிசையில இருக்கிறது சுமார் முப்பது சதவீத நேரம்தான், மீதியெல்லாம் தப்பிப் போறது, திரும்பச் சேர்றது. இது மட்டும் ஏனோ யாரும் ஷேர் பண்றதில்ல.

கேஸ் ஸ்டடி வேண்டாம்மா, அவளை வெச்சு வேண்டவே வேண்டாம். லண்டன் டேவிஸ்டாக் க்ளினிக்ல 1948-ல இருந்து சைல்ட் தெரபிஸ்ட் ஆகுறவங்களுக்கு குழந்தையைக் கவனிக்கிற பயிற்சி இருக்கு, அதைத் தொடங்கினதும் இதே பிக்தான், வாரம் ஒரு மணி நேரம், ரெண்டு வருஷம், ஆனா அது அடுத்தவங்க வீட்டுக் குழந்தை. அங்க உட்கார்ந்து நோட்ஸ் எடுக்கக் கூடாது, அறிவுரை சொல்லக் கூடாது, வீட்டுக்கு வந்துதான் எழுதணும், எழுதினதை குரூப்ல படிக்கணும். சொந்தக் குழந்தையை அப்படிப் பார்க்க ஆரம்பிச்சா அவ புட்டியைத் தள்ளுற ஒவ்வொரு தடவையும் நீங்க அம்மாவா இருக்கணுமா ஆப்சர்வரா இருக்கணுமான்னு தடுமாறுவீங்க, அந்த ரெண்டு செகண்டு தடுமாற்றம் அவளுக்கும் தெரியும். தெருவுல, சொந்தத்துல கைக்குழந்தை இருக்கிற வீடு ஒண்ணு பார்த்து, அவங்க சம்மதத்தை எழுதி வாங்கிட்டு, பேரை மாத்தி எழுதுங்க. கைடு ஒத்துக்கலைன்னா வினிகாட்டோட அந்த 1941 கட்டுரையையும் பிக் கட்டுரையையும் ஒப்பிட்டு லைப்ரரி ப்ராஜெக்ட்டா பண்ணிடலாமான்னு கேளுங்க. எக்ஸாமை இந்தத் தடவை தள்ளிப் போடணும்னு தோணினாலும் ஒண்ணும் தப்பில்ல, அரியர் வெச்சு எழுதிக்கலாம். டாக்டரைப் பார்த்துட்டு என்ன சொன்னாங்கன்னு மட்டும் ஒரு வரி எழுதுங்க.